பதினோராவது பெயர்

சோம்பா
11 பிப்ரவரி 2018

அன்புள்ள எனெலேசி அக்காவுக்கு,

நான் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. வந்ததும் முதல் வேலையாக எங்கள் கைபேசிகளை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் மட்டும் கையில் கொடுப்பார்கள். போன ஞாயிறு அம்மாவோடு பேசும்போது உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "அவ உசிப்பா மீன் காயப்போட ஏரிக்கரைக்குப் போயிருக்கா" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது அக்கா.

இந்த இடம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மேட்டில் தனியாக இருக்கிறது. ஆப்பிரிக்கத் தலைமைத்துவ மையம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறது. எட்டு நாடுகளிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்திருக்கிறோம். மலையிலிருந்து பனி இறங்கி மதியம் வரை நகராது. இரண்டு கம்பளி கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு தோறும் கோழி. சோளக்களி நம் வீட்டுக் களி போல இல்லை, அதைச் சாக்காக வைத்து நான் கோழியை அதிகமாகத் தின்கிறேன்.

மையத்தின் தலைவி டாக்டர் கமங்கா என்கிற அம்மா. முதல் நாளே எங்களை வட்டமாக உட்கார வைத்து, "தலைவராகுறது எப்படின்னு இங்க யாரும் சொல்லித் தரப் போறதில்ல. ஒரு வருஷம் பொய் சொல்லாம இருக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சவங்க கையில மக்களக் குடுக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

இனி காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு சாட்சி வேண்டும். எங்களை நன்றாகத் தெரிந்த, இச்சகம் பேசாத ஆள். அவர் அவ்வப்போது எங்களுக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும். அக்டோபரில் கடைசிக் கடிதம் ஒன்றை ஒட்டி முத்திரை போட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதை நாங்களே எல்லோர் முன்னாலும் பிரித்து உரக்க வாசிக்க வேண்டும். அதில் சாட்சி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவார்: 'உங்கள் வீட்டுத் தானியக் குதிரின் சாவியை இவர் கையில் கொடுப்பீர்களா?' மாட்டேன் என்று எழுதினால் சான்றிதழ் கிடையாது. கொடுப்பேன் என்றால் மாவட்ட அலுவலகத்தில் இளைஞர் நல அதிகாரி வேலை.

மற்றவர்கள் பாஸ்டர், மாமா என்று பெயர் கொடுத்தார்கள். நான் உன் பெயரைக் கொடுத்தேன். என்னைத் திட்ட உன்னைவிடத் தகுதியானவர் யார்?

உனக்கு இடம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படாதே. அடுத்த வருடம் நான் உள்ளே இருந்து ஒரு வார்த்தை சொல்லலாம்.

அன்புத் தங்கை,
தமாண்டா


கபண்டா
24 பிப்ரவரி

தமாண்டா,

இருமல் என்னுடையதுதான். மீன் காயப்போட ஏரிக்கரைக்குப் போனேன் என்பது பொய், ஆனால் அதைச் சொன்னது சித்தி, உன் அம்மா. நான் இருமியது மட்டும்தான்.

வருத்தப்படாதே என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தம் இல்லையடி. பொறாமை. ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது? நீ போன நாளிலிருந்து வயிறு எரிகிறது. ஒரே நாளில் ஒரே பேருந்தில் டவுனுக்குப் போனோம். அந்தக் கம்ப்யூட்டர் கடையில் நீதான் இரண்டு பேர் விண்ணப்பத்தையும் தட்டினாய், எனக்குத்தான் விரல் ஓடாதே. உனக்கு மூன்று பக்கக் கடிதம் வந்தது. எனக்கு ஒரு வரி: 'தேர்வாகவில்லை.' ஒரு வரிக்காக உறையை வீணாக்கியிருக்க வேண்டாம்.

உன்னை வழியனுப்ப ஆடு வெட்டினார்கள். அந்த ஆட்டை வளர்த்தது நான். உன் படம் வந்த செய்தித்தாளைச் சித்தி வெட்டி என் அம்மா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இரண்டும் ஒரே உயரம். அம்மாவுக்கு அந்த இடம் கிடைக்கச் சாக வேண்டியிருந்தது, உனக்குச் சோம்பா போனதே போதும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் மாமரத்தடியில் அந்த முட்டாள்தனம் செய்தேனே, அதற்குப் பிறகு விவசாய அலுவலகம் என்னை மறுபடி எழுத்தர் வேலைக்குக் கூப்பிடவே இல்லை. பெண் கேட்டு வந்த ந்தௌகாவின் மாமன்மார் நிச்சயத்துக்குக் கொடுத்த கோழியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். இப்போது கிணற்றடியில் நான் போனால் பெண்கள் இடம் விடுகிறார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாட்சியாக இருக்கிறேன். இச்சகம் பேசாதவள் வேண்டும் என்றாயே, இந்தக் கடிதமே போதுமா?

எனெலேசி


சோம்பா
18 மார்ச்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அறையில் வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். என் அறைத்தோழி போட்ஸ்வானாக்காரி, "காதலனா?" என்று கேட்டாள். "அக்கா" என்றேன். "அது இன்னும் மோசம்" என்றாள்.

இங்கே எனக்கு நல்ல பெயர். டாக்டர் கமங்கா வட்டத்தில் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு செஞ்சத நீங்க செஞ்சிருப்பீங்களான்னு யோசிங்க" என்றார். கென்யாவிலிருந்து வந்த ஒருவன், பெரிய வக்கீல் மகன், என் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று இடம் பிடிக்கிறான். நம் ஊரில் என்னை யார் இப்படிப் பார்த்தார்கள் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். மாமரத்தடியில் அரசாங்கத்தின் உரக் கூப்பன் கொடுத்த அன்று நான் ஊரில் இல்லை, லிலோங்வேயில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்த் தலைவர் கொடுத்த பட்டியலில் செத்தவர்களின் பெயர்கள் இருந்தன, மற்ற எழுத்தர்கள் போலச் சத்தமில்லாமல் முத்திரை குத்தி அந்தக் கூப்பன்களைத் தலைவரிடம் கொடுக்காமல் நீ அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் எந்தப் பெயரை வாசிக்க உனக்கு நா எழவில்லை? கொஞ்சம் விவரமாக எழுது. இங்கே ஒரு பாடத்துக்காகக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

சீக்கிரம் எழுதினால் நல்லது. அடுத்த மாத வியாழக்கிழமை வட்டத்துக்குள் வேண்டும்.

தமாண்டா


கபண்டா
9 ஏப்ரல்

தமாண்டா,

உன் கடிதம் வந்த மறுநாளே மையத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. சாட்சி எப்படி எழுத வேண்டும் என்று விதிகள், பத்து உறை, தபால்தலை. கூடவே, 'தங்கள் பார்வைக்கு' என்று நீ எழுதிய விண்ணப்பத்தின் நகல். சாட்சிக்கு அதை அனுப்புவார்கள் என்று உனக்குத் தெரியாது, அப்படித்தானே?

நான் சோளம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். நீங்கள் செய்த நேர்மையான செயல் ஒன்றை விவரியுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீ எழுதியிருக்கிறாய்: 'வெயில் கொளுத்திய அந்த நண்பகலில் நான் எழுந்து நின்றேன். என் கைகள் நடுங்கின. இறந்துபோன பதினொரு பேரின் பெயர்களையும் உரக்க வாசித்தேன். கூட்டம் எழுந்து கைதட்டியது.'

நீ எழுந்து நின்றாயா? நீ? அன்றைக்கு நீ லிலோங்வேயில் தலை பின்னிக்கொண்டிருந்திருப்பாய்.

திருடுகிறவள் முழுதாகத் திருட வேண்டாமா? வெயிலே இல்லை, மேகம் மூடியிருந்தது. என் கை நடுங்கவும் இல்லை, மேஜைதான் ஒரு கால் குட்டை. முதல் பெயரை வாசித்ததும் சிரித்தார்கள். "அவன் கல்லறைல படுத்திருக்கான், அங்க போய்க் குடும்மா!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது பெயருக்கும் சிரிப்பு. மூன்றாவதுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று பயம். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். நான் முடித்து உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை தமாண்டா. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு இன்றுவரையும் இல்லை. நீ எங்கிருந்து கைதட்டல் கொண்டுவந்தாய்?

வேலையும் மாப்பிள்ளையும் போனது எனக்கு. கோழியும் கம்பளியும் வக்கீல் மகனும் உனக்கு. இதில் எந்தப் பெயருக்கு நா எழவில்லை என்று வேறு கேட்கிறாய், வியாழக்கிழமைக்குள்.

இன்னொன்று. ஊர் சொல்வது பத்துப் பெயர். நீ பதினொன்று என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி? யார் உனக்குப் பதினொன்று என்று சொன்னது? அதற்கு மட்டும் பதில் எழுது.

எ.


சோம்பா
22 ஏப்ரல்

அக்கா,

ஆமாம். எடுத்தேன்.

எப்படி எடுத்தேன் என்று கேட்டுவிட்டுத் திட்டு. அந்தக் கடையில் உன் விண்ணப்பத்தைத்தான் முதலில் தட்டினேன். நேர்மையான செயல் என்ற இடம் வந்ததும் உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "சர்ச் பாட்டுக் குழுல அஞ்சு வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமப் பாடினேன்னு போடு." நான், "கூப்பன் விஷயத்தப் போடவா?" என்றேன். நீ, "அது முட்டாத்தனம், அத எதுக்குப் போடணும்" என்றாய். இரண்டு முறை கேட்டேன் அக்கா. பிறகு நீ வெளியே மண்டாசிப் பலகாரம் வாங்கப் போனாய். என் விண்ணப்பத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கடைக்காரன் கரண்ட் போகப் போகிறது என்று கத்தினான். என் இருபத்து நாலு வருடத்தில் அந்த இடத்தில் போட எனக்கு ஒன்றுமே இல்லை. நீ குப்பையில் போட்டதை நான் எடுத்து உடுத்திக்கொண்டேன்.

பொறாமை உனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறாயா? சின்ன வயதிலிருந்து எனக்கு உன் மேல்தான். பெரியம்மா போனபின் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய், அன்றிலிருந்து அம்மா தன் குதிர்ச் சாவியை உன் இடுப்பில்தான் கட்டினாள். பெற்ற மகள் நான் இருந்தேன். "அவ ஒரு மணி சோளம்கூட ஒளிக்க மாட்டா" என்பாள். என்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் யாரும் சொன்னதில்லை. கிணற்றடியில் பெண்கள் உனக்கு இடம் விடுகிறார்கள் என்று குறைப்பட்டாய். எனக்கு யாரும் எதற்கும் இடம் விட்டதில்லை.

பதினொன்றைப் பற்றி இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். இவ்வளவு பெரிய திருட்டில் அதுவா உன் கண்ணை உறுத்துகிறது? யாரும் சொல்லவில்லை. பத்து என்று எழுதினேன், ஜோடித்தது போல இருந்தது. பதினொன்று நிஜம் போல இருந்தது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வட்டத்தில் டாக்டர் கமங்கா அதே கேள்வியைக் கேட்டார். "எந்தப் பேர வாசிக்கக் கஷ்டமா இருந்துச்சு?" நான், "முதல் பெயர்" என்றேன். அவர், "எனக்கென்னவோ அது நடுவுல எங்கியாவது இருந்திருக்கும்னு தோணுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

காலில் விழுகிறேன், அக்டோபரில் இதை எழுதாதே. அம்மா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நான் தோற்று வந்தால் அவள் வெளியே தலைகாட்ட முடியாது. எனக்காக வேண்டாம், அவளுக்காக.

தமாண்டா


சோம்பா
15 ஜூலை

அக்கா,

பன்னிரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. மையத்துக்கு மட்டும், 'நலம். எழுத நேரமில்லை' என்று சீட்டு அனுப்பியிருக்கிறாய். மற்றவர்கள் சாட்சியின் கடிதத்தை வாசித்துவிட்டு முகம் சிவந்தோ அழுதோ வருகிறார்கள். எனக்கு அழவும் கடிதம் இல்லை.

போன வாரம் எங்களை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள், மருந்து எங்கே காணாமல் போகிறது என்று பார்த்து எழுத. நான் பார்த்ததை அப்படியே எழுதினேன், ஒன்றையும் கூட்டவில்லை. ஒரு பக்கம்கூட வரவில்லை. டாக்டர் கமங்கா, "இது சின்னதா இருக்கு, ஆனா உன்னோடது" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தூக்கம் இல்லை.

திட்டியாவது எழுது.

தமாண்டா


கபண்டா
19 ஆகஸ்ட்

தமாண்டா,

திட்டுகிறேன். நீ கேட்டாய் என்பதற்காக.

ஆனால் எதற்குத் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன். நீ பொய் சொன்னதற்கு என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. நான் செய்தபோது ஊரே விலகி உட்கார்ந்தது. நீ சொன்னபோது வக்கீல் மகன் பக்கத்தில் இடம் பிடிக்கிறான். அதுதான் எரிகிறது. என் கதை என் உடம்பில் கிழிந்த துணி போல இருந்தது, உன் உடம்பில் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. உன் விண்ணப்பத்தை இதுவரை எத்தனை முறை வாசித்தேன் தெரியுமா? மடிப்பில் கிழிந்துவிட்டது. அந்தக் கைதட்டல் வரும் வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அதில் இன்னொரு வரியும் என்னைத் தூங்கவிடுவதில்லை. எது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் விளைச்சல் மோசமில்லை. குதிர் முக்கால் நிறைந்திருக்கிறது. சித்தி என் இடுப்பில் சாவியைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு மணிகூட ஒளிக்க மாட்டா" என்று பழைய பாட்டைப் பாடுகிறாள். நீ அதற்குப் பொறாமைப்பட்டாய் என்று எழுதியபிறகு அந்தச் சாவி இடுப்பில் உரசுகிறது.

கடைசிக் கடிதத்தை எழுதி ஒட்டிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே, சித்தி மூலமாகவும் கேட்காதே. போனவாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து உசிப்பாவில் தலை கிள்ளிக்கொண்டே, "தமாண்டாவப் பத்தி நல்லதாத்தான எழுதியிருப்ப?" என்றாள். நான் இன்னும் நாற்பது மீனுக்குத் தலை கிள்ளினேன்.

எனெலேசி


சோம்பா
21 அக்டோபர்

அக்கா,

இந்தக் கடிதத்தோடு உன் கடிதத்தையும் திருப்பி அனுப்புகிறேன். அது யார் கையிலும் இருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை வட்டம். எனக்கு முன்னால் கென்யாக்காரன். அவனுடைய பாஸ்டர், 'சாவியை மட்டுமல்ல, குதிர் முழுவதையும் கொடுப்பேன்' என்று எழுதியிருந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு டாக்டர் கமங்கா உன் உறையை என்னிடம் நீட்டினார். "மெதுவா வாசி" என்றார்.

பிரித்தேன். உன் எழுத்து. ஒரே பக்கம். உரக்க வாசிப்பதற்கு முன் கண் கீழே ஓடிவிட்டது, அதைத் தடுக்க முடியவில்லை.

'டாக்டர் கமங்கா அவர்களுக்கு. தமாண்டா எழுதிய செயலைச் செய்தது அவள் இல்லை, நான். பட்டியலில் செத்தவர் பெயர் பதினொன்று இருந்தது. நான் பத்தைத்தான் வாசித்தேன். ஏழாவதாக இருந்த பெயர் மெலியா கலூவா. அது என் அம்மா. நான் வாயைத் திறக்காமல் இருக்கத் தலைவர் போட்ட பெயர். அந்த இடம் வந்தபோது விரலை எடுத்து அடுத்த வரியில் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூப்பனை நானே வைத்துக்கொண்டேன். இரண்டு மூட்டை உரம் எங்கள் வயலுக்குப் போனது. நான் வாசித்த பத்துப் பேருக்குப் பதில் உயிரோடிருந்த பத்துப் பேருக்குக் கூப்பன் கிடைத்தது. கூப்பன் இல்லாதவர்கள் வரிசையில் பதினோராவதாக நின்ற நசிபெக்கோ வெறுங்கையோடு போனாள். சாவியைக் கொடுப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். செத்துப்போன என் அம்மா பெயரில் வந்த உரத்தில் விளைந்த சோளத்தைப் பூட்டி வைத்திருப்பவள் நான். யாருக்குச் சாவி கொடுக்க, யாருக்கு மறுக்க எனக்கு என்ன தகுதி?'

முதலில் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த வருடம் முழுதும் வீண். இருபது வருடமாக எந்த வாக்கியத்தைக் கேட்டு நான் வெந்தேனோ, அந்த வாக்கியம் பொய். அக்காவும் ஒளித்தாள்! உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடி நினைவு வந்தது. விடுமுறைக்கு வந்து அந்தச் சோளத்தைத்தான் நானும் தின்றேன்.

"வாசி தமாண்டா" என்றார்.

முதல் வரியை வாசித்தேன். செய்தது நான் இல்லை என்பதை. என் குரல் அறையின் மூலை வரை போனது. கென்யாக்காரன் நாற்காலியை நகர்த்தினான். பட்டியலில் இருந்தது பதினொன்று என்ற இடம் வந்தது. அங்கே என் கண்... அக்கா, நான் தாண்டிவிட்டேன். 'நான் வாசித்தேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி வரிக்குப் போனேன். 'யாருக்குச் சாவி கொடுக்க, யாருக்கு மறுக்க எனக்கு என்ன தகுதி' என்றதும் அது உன் அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போட்ஸ்வானாக்காரி கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் கமங்கா காகிதத்துக்குக் கை நீட்டினார். "இது என் அக்காவோடது, அவகிட்டயே திருப்பித் தர்றேன்" என்றேன். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

உன்னைக் காப்பாற்றத்தான் தாண்டினேன் என்று எழுத ஆசை. பாதி அதுதான். மீதிப் பாதி, உன்னைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

எனக்குச் சான்றிதழ் இல்லை. நாளைக்குப் புறப்படச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஊருக்கு வர மாட்டேன். லிலோங்வேயில் என் கல்லூரித் தோழியின் துணிக்கடையில் இருப்பேன், முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் நீயே சொல். கைபேசியில் அவள் குரலைக் கேட்க என்னால் முடியாது.

தமாண்டா


கபண்டா
27 நவம்பர்

தமாண்டா,

சித்தியிடம் சொல்லிவிட்டேன். அன்று முழுதும் சமைக்கவில்லை. மறுநாள் எழுந்து சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றினாள். கிழித்துவிடுவாள் என்று பார்த்தேன், ஓரத்தில் கறையான் ஏறியிருக்கிறது என்று தட்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டாள்.

போன வாரம் மையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று பக்கம். 'பத்துப் பெயர்களையும் அச்சமின்றி வாசித்த தங்களை அடுத்த ஆண்டுக்கு அழைக்க விரும்புகிறோம். விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பி அனுப்பவும்.' பத்து என்று நீ அங்கே சொல்லவே இல்லை, விசாரித்திருக்கிறார்கள்.

நான் பொறாமைப்பட்டது எல்லாம் என் மடியில் வந்து விழுந்துவிட்டது. கோழி, கம்பளி, மலை. அன்று பகல் முழுதும் அந்தக் கடிதத்தை இடுப்பில் சாவியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிந்தேன். உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. யாரடி உன்னைத் தாண்டச் சொன்னது? என்னைப் பற்றிய உண்மையை நானே எழுதி, ஒட்டி, முத்திரை போட்டு அனுப்பினேன். அதைக்கூட உன் இஷ்டத்துக்குத் திருத்திவிட்டாய். முதலில் என் நல்லதை எடுத்தாய், பிறகு என் கெட்டதையும் எடுத்துக்கொண்டாய். எனக்கென்று எதையாவது விட்டுவைக்க மாட்டாயா?

நேற்று மாமரத்தடியில் இந்த வருடக் கூப்பன் கூட்டம். புது எழுத்தர் தலைவரின் மருமகன். அவன் பட்டியலை முடித்ததும் நான் எழுந்தேன். தலைவர், "என்னம்மா, இந்தத் தடவ யாரக் கூப்பிடப் போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"மெலியா கலூவா" என்றேன்.

சிரிப்பு நின்றது. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். "மெலியா கலூவா. எங்கம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தப் பேரும் பட்டியல்ல இருந்துச்சு. நான் வாசிக்கல. அந்தக் கூப்பன நானே எடுத்துக்கிட்டேன்."

நீ நினைப்பது போல இல்லை. இந்த முறை மேஜையும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கை நடுங்கியது. அதை மட்டும் நீ முன்கூட்டியே சரியாக எழுதியிருக்கிறாய்.

பெண்கள் பக்கத்தில் நசிபெக்கோ எழுந்தாள். அந்த வருடம் சோளம் இல்லாமல் கசுங்குவுக்குப் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போய் ஒரு வருடம் கழித்து வந்தவள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "உக்காரு எனெலேசி" என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். வரிசைல நான் பதினொன்னு. உன் கட்டுல மிச்சக் கூப்பனும் பதினொன்னு. நான் எண்ணிட்டுத்தான் நின்னேன். எல்லாரும் உன்னப் பத்திப் பெருமையாவோ பயந்தோ பேசுறப்ப, இவ என்னிக்கு அந்தப் பேர வாசிப்பான்னு ரெண்டு வருஷமா காத்துட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டம் கலைந்தது. யாரும் கைதட்டவில்லை. இதை எங்கேயாவது எழுதினால் அதை மாற்றிவிடாதே.

மையத்துக்கு எழுதிவிட்டேன். நானே, கையால். நேர்மையான செயல் என்ற இடத்தில் நேற்று நடந்ததை எழுதவில்லை, அதற்கு முன்னால் இரண்டு வருடம் நடக்காததை எழுதினேன். கூப்பிட்டாலும் சரி, ஒரு வரியில் முடித்தாலும் சரி. பொய் சொன்னால் பொறாமை போய்விட்டது என்று சொல்லலாம். போகவில்லை. சோம்பாப் பனியை நீ பார்த்துவிட்டாய், நான் பார்க்கவில்லை.

இரண்டு மூட்டை உரத்துக்கு இரண்டு மூட்டை சோளம் என்று நசிபெக்கோவிடம் சொன்னேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாசலில் இடம் ஒதுக்கிப் பெருக்கி வைத்திருக்கிறாள். இன்று காலை ஒரு மூட்டையைத் தலையில் சுமந்து கொண்டுபோய் இறக்கினேன். கழுத்து இன்னும் வலிக்கிறது.

இன்னொன்று குதிரில் இருக்கிறது. அது உன் பங்கு, நீயும் தின்றவள். துணிக்கடையில் ஒளிந்துகொண்டு எத்தனை நாள் துணி மடிப்பாய்? சனிக்கிழமைப் பேருந்தில் வா. சாவியைச் சித்தியிடம் கொடுக்கவில்லை, என் இடுப்பில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள். நீயே திற, நீயே அளந்து கட்டு, ஊர் பார்க்க நீயே சுமந்துகொண்டு போ. நான் கூட வர மாட்டேன்.

அக்கா
எனெலேசி